மூச்சு விடாமல் 3 மாதம்!
பனிக்கட்டிக்கு அடியில் உயிர் வாழும் ஆமை

அமெரிக்காவின் வடக்கே மிச்சிகன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. கனடா எல்லையை ஒட்டிய மாநிலம்.

ஜனவரி மாதம் வந்தால் அங்கே குளம், குட்டை எல்லாம் உறைந்து போகும். தண்ணீரின் மேல் பனிக்கட்டி பாறை போல மூடிக்கொள்ளும். சிறுவர்கள் அதன் மேல் சறுக்கி விளையாடுவார்கள். பெரியவர்கள் அதில் ஓட்டை போடுவார்கள். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஓட்டைக்குள் தூண்டில் விட்டு மீன் பிடிப்பார்கள்.

அவர்கள் காலுக்குக் கீழே, குளத்தின் அடியில், சேற்றோடு சேறாக ஒரு ஆமை கிடக்கிறது.

அது கடைசியாக மூச்சு விட்டது எப்போது தெரியுமா? நவம்பர் மாதத்தில்!

அடுத்த மூச்சு எப்போது? பனிக்கட்டி உருகிய பிறகு. அதாவது, மார்ச்சு கடைசியில் அல்லது ஏப்ரலில்!

இந்த ஆமைக்கு "வர்ண ஆமை" என்று பெயர். கழுத்திலும் காலிலும் மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு. ஓட்டின் ஓரத்திலும் சிவப்புப் புள்ளிகள். யாரோ தூரிகை எடுத்து வர்ணம் பூசியது போல இருக்கும். உருவம் பெரிது அல்ல. சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கிவிடும். கனடாவின் தென்பகுதியில் இருந்து மெக்சிகோவின் வடகோடி வரை இது காணப்படுகிறது.

மிச்சிகனில் இதற்குத் தனி மரியாதை உண்டு. மாநிலத்துக்கு என்று ஒரு பறவை இருந்தது. ஒரு பூ இருந்தது. ஊர்ந்து செல்லும் பிராணி மட்டும் இல்லை. நைல்சு என்ற ஊரில் 5-வது வகுப்புப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துக் கேட்டார்கள். 1995-ம் ஆண்டில் வர்ண ஆமை மாநிலச் சின்னம் ஆகிவிட்டது.

மனிதனுக்கு 4 நிமிடம்

மனிதன் சோறு இல்லாமல் பல நாள் இருப்பான். தண்ணீர் இல்லாமல் சில நாள் இருப்பான். காற்று இல்லாமல்?

மூளைக்குப் பிராணவாயு போகாமல் 4, 5 நிமிடம் ஆனால் போதும். மூளை கெட ஆரம்பித்துவிடும். தண்ணீரில் மூழ்கியவரைக் கரை சேர்த்ததும் அவசரம் அவசரமாக நெஞ்சை அழுத்துகிறார்களே, அது இதற்காகத்தான்.

ஆமைக்கும் மூளை இருக்கிறது. இருதயம் இருக்கிறது. நம்மைப் போல நுரையீரலும் இருக்கிறது. மீனைப் போலச் செவுள் கிடையாது. பிறகு எப்படிப் பிழைக்கிறது?

குளத்துக்கு மூடி

முதலில் குளத்தைப் பார்ப்போம்.

குளம் அடி வரை உறைந்துவிடாது. தண்ணீருக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. 4 டிகிரி சென்டிகிரேடில்தான் அதற்கு எடை அதிகம். அந்தத் தண்ணீர் அடியில் போய்த் தங்கும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் மேலே மிதக்கும். அதனால் மேலே மட்டும் பனிக்கட்டி, கீழே தண்ணீர்.

இந்த ஆமை பனிக்கட்டி ஆகிவிட்டால் செத்துப் போகும். (அதன் குஞ்சு கதை வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.) அதனால்தான் அது குளத்தின் அடிக்குப் போகிறது.

ஆரம்பத்தில் தண்ணீரில் பிராணவாயு கொஞ்சம் கரைந்திருக்கும். அதை ஆமை தோல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். குளிரில் உடம்புக்குத் தேவை குறைவு. அதுவே போதும்.

(ஆஸ்திரேலியாவில் பிட்சுராய் என்ற ஆற்றில் ஒரு ஆமை உண்டு. அது வாலுக்கு அடியில் உள்ள துவாரத்தின் வழியாகவே தண்ணீரில் உள்ள பிராணவாயுவை இழுக்கும்! பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் உண்மை.)

நாள் ஆக ஆக, பனிக்கட்டியின் மேல் பனி பொழிந்து குவியும். வெளிச்சம் உள்ளே இறங்காது. வெளிச்சம் இல்லாவிட்டால் தண்ணீருக்குள் இருக்கும் செடிகள் பிராணவாயுவை உண்டாக்க முடியாது. அடியில் அழுகும் இலையும் தழையும் மிச்சம் இருக்கும் பிராணவாயுவையும் தின்றுவிடும். மேலே போய் மூச்சு விடலாம் என்றால் பனிக்கட்டி மூடி போட்டு இருக்கிறது.

இனிதான் ஆமைக்குச் சோதனை.

தொட்டியில் நடந்த ஆராய்ச்சி

டொனால்டு ஜாக்சன் என்பவர் அமெரிக்காவில் பிரவுன் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர். பல ஆண்டுகள் ஆமையையே ஆராய்ந்தார். கார்டன் உல்ட்ஷ் என்பவர் அலபாமா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர். இருவரும் சேர்ந்து செய்த ஒரு சோதனை 1982-ம் ஆண்டில் வெளிவந்தது.

வர்ண ஆமைகளைத் தண்ணீருக்குள் வைத்தார்கள். தண்ணீரின் குளிர், 3 டிகிரி. மேலே வந்து மூச்சு விட வழி இல்லை. சில ஆமைகள் இருந்த தண்ணீரில் காற்றைக் குமிழி குமிழியாக விட்டார்கள். மற்ற ஆமைகளின் தண்ணீரில் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் வாயுவை விட்டார்கள். அதனால் பிராணவாயு அடியோடு வெளியேறிவிட்டது.

பிராணவாயு இல்லாத தண்ணீரில் ஆமைகள் ஒரு நாள் இருந்தன. ஒரு வாரம் இருந்தன. ஒரு மாதம் ஆயிற்று. இரண்டு மாதம் ஆயிற்று.

3 மாதம் கழிந்த பிறகும் உயிரோடு இருந்தன!

செலவைச் சுருக்கியது

வருமானம் நின்று போன குடும்பம் என்ன செய்யும்? செலவைச் சுருக்கும். ஆமையும் அதைத்தான் செய்கிறது.

குளிரினாலேயே உடம்பின் வேலை பெரிதும் குறைந்துவிடுகிறது. பிராணவாயு நின்றதும், அந்தக் குறைந்த வேலையிலும் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

நம் இருதயம் நிமிடத்துக்கு 72 தடவை துடிக்கிறது. இந்த ஆமையின் இருதயம் 2, 3 நிமிடத்துக்கு ஒரு தடவை துடிக்கிறது. அதாவது, நம் இருதயம் 200 தடவை துடிக்கும் நேரத்தில் ஆமையின் இருதயம் ஒரே ஒரு தடவை "லப்-டப்" என்கிறது. "ஆமை வேகம்" என்று கேலி செய்கிறோம். அந்த வேகம்தான் அதன் உயிரைக் காப்பாற்றுகிறது.

மூளையும் அடங்கிவிடுகிறது. மூளைக்குத்தான் செலவு அதிகம். அதன் நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்புவதை மிகவும் குறைத்துக்கொள்கின்றன.

ஆனாலும் செலவு அடியோடு நிற்குமா? கொஞ்சமாவது சக்தி வேண்டுமே! அதற்காகக் கோடையில் தின்ற தீனியைச் சர்க்கரைச் சத்தாக மாற்றிக் கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கிறது. அதை எடுத்துச் சிறிது சிறிதாக எரிக்கிறது.

இங்கே ஒரு சங்கடம். பிராணவாயு இருந்தால் சர்க்கரை நன்றாக எரியும். இல்லாவிட்டால் ஈர விறகு எரிவது போலத்தான். அனல் கொஞ்சம், புகை அதிகம். பிராணவாயுவோடு எரிந்தால் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ 15-ல் ஒரு பங்குதான் கிடைக்கும்.

அந்தப் "புகை" என்ன? அதுதான் லாக்டிக் அமிலம். பால் புளித்துத் தயிர் ஆகிறதே, அந்தப் புளிப்பும் இதே அமிலம்தான். தலை தெறிக்க ஓடுகிறவனின் ரத்தத்திலும் இது ஏறும். ஓட்டம் நின்றதும் இறங்கிவிடும்.

ஆமைக்கு ஓட்டம் நிற்பது ஏப்ரல் மாதத்தில்தானே! மூன்று மாதத்தில் அதன் ரத்தத்தில் இந்த அமிலம் ஏறத்தாழ 100 மடங்கு ஏறிவிடுகிறது. வேறு பிராணியாக இருந்தால் இந்த அமிலமே கொன்றிருக்கும்.

ஆமை ஏன் சாகவில்லை? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம்.

முதுகில் மருந்து

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு முட்டை ஓட்டை எடுத்து, அதன் மேல் எலுமிச்சம் பழச் சாற்றை விடுங்கள். சிறிது நேரத்தில் குமிழி குமிழியாகப் பொங்கும். எலுமிச்சையின் அமிலத்தை முட்டை ஓட்டில் உள்ள சுண்ணாம்புச் சத்து முறித்துவிடுகிறது.

வயிற்றில் புளிப்பு ஏறி நெஞ்சு எரிந்தால் டாக்டர் மாத்திரை கொடுக்கிறார். அந்த மாத்திரைகள் சிலவற்றில் இருப்பதும் இதே சுண்ணாம்புச் சத்துதான்.

ஆமை அந்த மாத்திரையை முதுகிலேயே சுமந்துகொண்டு இருக்கிறது!

ஆமையின் ஓடு உடம்புக்கு வெளியே ஒட்டிய பொருள் அல்ல. அது எலும்பு. விலா எலும்பும் முதுகு எலும்பும் சேர்ந்து விரிந்துதான் மேல் ஓடு ஆகியிருக்கிறது. உடம்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓடுதான். அதற்குள் ரத்தம் ஓடுகிறது.

ரத்தத்தில் அமிலம் ஏற ஏற, ஓட்டில் இருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. அமிலத்தின் கொடுமையை முறிக்கிறது. அதோடு நிற்கவில்லை. அமிலத்தையே ஓடு தனக்குள் இழுத்துப் பூட்டி வைத்துக்கொள்கிறது!

இதை ஜாக்சன் 1997-ம் ஆண்டில் வெளியிட்டார். 3 டிகிரி குளிரில் 3 மாதம் இருந்த ஆமைகளை ஆராய்ந்தபோது, உடம்பில் உண்டான லாக்டிக் அமிலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது ஓட்டிலும் எலும்பிலும் இருந்தது.

எதிரியின் பல்லில் இருந்து தப்பத்தான் ஆமைக்கு ஓடு என்று பாட்டி கதையில் கேட்டிருக்கிறோம். அது பாதிக் கதைதான். பல்லே இல்லாத எதிரி ஒன்று உடம்புக்குள் இருக்கிறது. அதையும் ஓடுதான் தடுக்கிறது.

ஓடு மெலிந்தால்...

இதற்கு எதிர்ச் சாட்சியும் இருக்கிறது.

அதே அமெரிக்காவில் மெல்லோட்டு ஆமை என்று ஒரு வகை உண்டு. அதன் ஓடு தோல் போர்த்தியது. ஓரம் எல்லாம் வளையும். சுண்ணாம்புச் சத்து குறைவு. அதைப் பிராணவாயு இல்லாத தண்ணீரில், அதே 3 டிகிரி குளிரில் வைத்தார்கள். 2 வாரம்தான் தாங்கியது. அதனால் அது குளிர்காலத்தில் சேற்றுக் குட்டைக்குப் போகாது. பிராணவாயு உள்ள ஆற்றையும் ஏரியையும்தான் தேடும்.

நம் ஊர்க் குளங்களில் இருக்கும் பாலாமை இந்த மெல்லோட்டு ஆமைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குப் பனிக் கவலை இல்லை. வெயில் கவலைதான். குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு மழைக்குக் காத்திருக்கும். அதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம்.

தூங்குகிறதா?

குளத்தின் அடியில் கிடக்கும் ஆமை மயக்கத்தில் இருக்கிறதா? பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

டென்மார்க்கு நாட்டில் ஆர்ஹூஸ் சர்வகலாசாலையில் இதைச் சோதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது சிவப்புக் காது ஆமை. அதைப் பல நாள் குளிரில், பிராணவாயு இல்லாமல் வைத்தார்கள். பிறகு வெளிச்சத்தைக் காட்டினார்கள். ஆமை அசைந்தது! தண்ணீரைச் சற்றுச் சூடாக்கினார்கள். அப்போதும் அசைந்தது! இந்த முடிவு 2013-ம் ஆண்டில் வெளிவந்தது.

அதாவது, ஆமை முழுவதும் தூங்கவில்லை. வசந்தகாலம் வந்துவிட்டதா என்று காத்திருக்கிறது.

(இந்தச் சிவப்புக் காது ஆமையை நம் ஊரில் மீன் தொட்டிக் கடைகளிலும் விற்கிறார்கள். வாங்கும்போது நாணயம் போலச் சிறியதாக இருக்கும். வளர்ந்ததும் தொட்டி போதாது. உடனே பலர் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். பிராணவாயு இல்லாமலே பிழைக்கும் பிராணி, நம் குளத்திலா சாகப் போகிறது? பெருகி, நம் ஊர் ஆமைகளின் தீனிக்குப் போட்டியாக வந்துவிடும்.)

டாக்டர்கள் பார்வை

இந்த ஆராய்ச்சியால் மனிதனுக்கு என்ன லாபம் என்று கேட்கலாம்.

மாரடைப்பு என்றால் என்ன? இருதயத்துக்கு ரத்தம் போகும் குழாய் அடைபடுகிறது. அங்கே பிராணவாயு போவது இல்லை. அந்தப் பகுதி சாகிறது. மூளையில் இப்படி நடந்தால் கை கால் விழுந்துவிடுகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. அடைப்பை நீக்கி ரத்தத்தைத் திரும்ப விடும்போது, திடீரென்று வரும் பிராணவாயுவே கேடு செய்யும்.

ஆமைக்கு இரண்டு ஆபத்தும் இல்லை. மூன்று மாதம் பட்டினி கிடந்த இருதயம், பிராணவாயு வந்ததும் பழையபடி துடிக்கிறது. மாற்று இருதயம் பொருத்தும்போது, எடுத்த இருதயத்தைப் பனிக்கட்டியில் வைத்து 4 மணி முதல் 6 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். ஆமையின் வித்தை தெரிந்தால் அந்த நேரம் நீளாதா என்று விஞ்ஞானிகள் பார்க்கிறார்கள். அமெரிக்க விஞ்ஞானிகளும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் சேர்ந்து கடிக்கும் ஆமை என்ற வகையை ஆராய்ந்தார்கள். முட்டைக்குள் இருக்கும்போதே பிராணவாயு குறைவாகக் கிடைத்த குஞ்சுகளின் இருதயம், வளர்ந்த பிறகும் கஷ்டத்தை நன்றாகத் தாங்கியது. இது 2019-ம் ஆண்டில் வெளிவந்த செய்தி.

இது எல்லாம் ஆராய்ச்சிதான். கைக்கு மருந்து வரவில்லை. ஆமை ஓட்டைப் பொடி செய்து மருந்து என்று விற்கும் வியாபாரம் ஆசியாவில் பல இடங்களில் நடக்கிறது. அந்தப் பொடியைத் தின்றால் ஆமையின் சக்தி மனிதனுக்கு வராது. உயிருள்ள ஆமையின் முதுகில் இருக்கும் வரைதான் அந்த ஓட்டுக்கு வேலை.

ஏப்ரலில் பனிக்கட்டி உருகியதும் வர்ண ஆமை மேலே வருகிறது. மூச்சு விடுகிறது. மிதக்கும் மரக்கட்டையில் ஏறி, கழுத்தையும் காலையும் நீட்டி வெயில் காய்கிறது. உடம்பு சூடாகச் சூடாக அமிலம் குறைகிறது. அதில் பெரும் பகுதி மீண்டும் சர்க்கரைச் சத்தாகவே மாறிவிடுகிறது. ஓட்டுக்குச் சுண்ணாம்பும் திரும்பிப் போகிறது.

குஞ்சின் கதை

இனி குஞ்சைப் பார்ப்போம். தாயின் கதையை விட இது ஒரு படி மேல்.

ஜூன் மாதத்தில் தாய் ஆமை கரை ஏறும். பின்னங்காலால் மண்ணைத் தோண்டும். ஆழம் ஒரு சாண் கூட இராது. அதில் முட்டை இட்டு மூடிவிட்டுக் குளத்துக்குப் போய்விடும். பிறகு திரும்பிப் பார்ப்பது இல்லை. மண்ணின் சூடுதான் குஞ்சு பொரிக்கும். ஆணா, பெண்ணா என்பதும் அந்தச் சூட்டைப் பொறுத்ததுதான். சூடு அதிகம் என்றால் பெண். குறைவு என்றால் ஆண்.

ஆகஸ்டு, செப்டம்பரில் குஞ்சு வெளிவரும். ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிது.

பக்கத்தில் குளம். அங்கே தண்ணீர், தீனி. ஆனால் பெரும்பாலான குஞ்சுகள் மண்ணை விட்டு வருவதே இல்லை! வந்த குழியிலேயே குளிர்காலம் முழுவதும் இருந்துவிடும். முட்டையின் மஞ்சள் கரு கொஞ்சம் வயிற்றில் மிச்சம் இருக்கும். அதுதான் வசந்தம் வரை சாப்பாடு.

குளத்தின் அடி உறையாது. ஆனால் ஒரு சாண் மண் உறையும். பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கும். குஞ்சு என்ன ஆகும்?

கனடாவில் ஒட்டாவா நகரில் உள்ள கார்ல்டன் சர்வகலாசாலையில் கென்னத் ஸ்டோரியும் அவருடைய கூட்டத்தாரும் 1988-ம் ஆண்டில் ஒரு விடை சொன்னார்கள். குஞ்சின் உடம்பில் உள்ள தண்ணீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டி ஆகிவிடுகிறது. இருதயம் நின்றுவிடுகிறது. பனி இளகியதும் மறுபடியும் துடிக்கிறது என்றார்கள். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே 4 டிகிரி வரைதான் இது நடக்கும்.

கொலராடோ மாநிலத்தின் கேரி பாக்கார்டு இதை ஒப்புக்கொள்ளவில்லை. மண்ணில் 4 டிகிரிக்குக் கீழேயும் குளிர் போகிறதே, அப்போதும் குஞ்சுகள் பிழைக்கின்றனவே என்று கேட்டார். அவர் சொன்ன விடை வேறு. குஞ்சு உறைவதே இல்லை என்றார்!

அது எப்படி? தண்ணீர் உறைவதற்கு ஒரு தொடக்கம் வேண்டும். ஒரு தூசி, ஒரு பனித்துகள் வேண்டும். சுத்தமான தண்ணீர்ப் புட்டியை அசைக்காமல் குளிர்பதனப் பெட்டியின் பனி அறையில் வைத்தால், சில சமயம் உறையாமலே இருக்கும். தட்டினால், கண் எதிரே உறையும். குஞ்சின் உடம்பும் அப்படித்தான். வெளியே உள்ள பனித்துகள் உள்ளே நுழையாமல் தோல் தடுக்கிறது. குடலில் மண் இருந்தால் அதுவே தொடக்கம் ஆகிவிடும். குளிர் முற்றும் முன்பே குடல் காலியாகிவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வரை கூட உறையாமல் பிழைக்கும்.

இரண்டு விடையும் பொய் இல்லை. லேசான குளிரில், ஈர மண்ணில், உறைந்து பிழைப்பது உண்டு. கடுங்குளிரில் உறையாமல் இருந்தால்தான் பிழைப்பு. எது எவ்வளவு என்பதில் வெகு நாள் வாதம் நடந்தது.

எல்லாக் குஞ்சும் பிழைப்பது இல்லை. இதில் பனிக்கும் பங்கு உண்டு. தரையின் மேல் பனி குவிந்து கிடந்தால் அது கம்பளி போர்த்தியது போல. குழிக்குள் குளிர் அவ்வளவாக இறங்காது. பனி குறைவாகப் பொழிந்த ஆண்டில் கம்பளி இல்லை. மண் வெறும் உடம்போடு உறையும். அப்படிப்பட்ட ஆண்டில் ஒரு குழியில் இருந்த குஞ்சுகள் அத்தனையும் செத்துப் போவதும் உண்டு. உலகம் சூடாவதால் பனிப்பொழிவு குறைந்தால் ஆமைக் குஞ்சுக்கு நல்லது என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறாகவும் இருக்கலாம்.

பிழைத்த குஞ்சுகள் வசந்தத்தில் மண்ணைக் கீறிக்கொண்டு வெளிவரும். குளத்துக்கு நடக்கும். வழியில் காக்கை உண்டு. ரக்கூன் என்ற திருட்டுப் பிராணி உண்டு. தப்பியது தண்ணீரில் இறங்கி, பிறந்து 7, 8 மாதம் கழித்து முதல் முறையாக வாய் திறந்து தின்னும்.

அடுத்த குளிர்காலத்தில் அது மண்ணுக்குப் போகாது. தாயைப் போலக் குளத்தின் அடிக்குத்தான் போகும்.